கடல் கடந்த பேடண்டு: அதைப் பெறுவதும் காப்பதும்

நிலத்துக்குப் பட்டா எப்படியோ, புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட பொருளுக்கும் முறைக்கும் பேடண்டு அப்படியே ஓர் உரிமைப் பத்திரமாகும். பட்டாவில் சர்வே நம்பரும் நான்கெல்லையும் குறிக்கப்படுவது போல, பேடண்டிலும் உரிமை எதுவரை செல்லும் என்பது கோரிக்கைகளாக வரிசைப்படுத்திக் குறிக்கப்படுகிறது. பட்டாதார் கிஸ்தி செலுத்துவது போல, பேடண்டு பெற்றவரும் காலந்தோறும் சர்க்காருக்குக் கட்டணம் செலுத்தி வரவேண்டும். வித்தியாசம் இரண்டு உண்டு. பட்டா தலைமுறை தலைமுறையாகச் செல்லும். பேடண்டு மனு கொடுத்த தேதியிலிருந்து 20 வருஷத்துக்கு மேல் செல்லாது. அன்றியும் கிஸ்தி பாக்கி விழுந்தால் நிலம் ஏலத்துக்கு வந்து வேறொருவர் கைக்குப் போகும். பேடண்டுக் கட்டணம் பாக்கி விழுந்தாலோ அது எவர் கைக்கும் போகாமல், ஊர்ப் பொதுப் புறம்போக்கைப் போல எல்லோருக்கும் திறந்து கிடக்கும்.

ஒரு தேசத்தில் பெற்ற பேடண்டு அந்தத் தேசத்தின் எல்லைக்குள் மட்டுமே செல்லும் என்பதே இவ்விஷயத்தில் முதலாவதாக அறியத்தக்கது. உலகம் முழுவதற்குமான பேடண்டு என்று ஒன்று எங்கும் வழங்கப்படுவதில்லை. யந்திரங்களை விற்கும் விளம்பரங்களில் ‘உலகப் பேடண்டு பெற்றது’ என்று அச்சிட்டிருப்பதைக் காண்போர், எந்தத் தேசத்தில், எந்த நம்பரில் என்று கேட்பது நலம்.

இதன் பலன் திருப்பூர், பல்லடம், அவினாசிப் பகுதிகளின் பிழைப்புக்கே ஆதாரமாயிருக்கும் பருத்தியில் நன்கு விளங்கியது. காய்ப்புழுவை எதிர்க்கும் பி.டி. பருத்தி இந்தியாவில் 2002-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் அனுமதிக்கப்பட்டது. அதில் புகுத்தப்பட்ட முதல் ஜீனுக்கு அமெரிக்காவின் மான்ஸாண்டோ கம்பெனிக்கு இந்தியாவில் பேடண்டு இருந்ததில்லை. ஆயினும் விதைக் கம்பெனிகளிடமிருந்து கட்டணம் பெறப்பட்டது. அது ஒப்பந்தத்தின் பலத்தால் பெறப்பட்டதேயன்றிப் பேடண்டின் பலத்தாலன்று. 2006-ல் வந்த இரண்டாவது ரகத்துக்கு இந்தியப் பேடண்டு 214436 என்ற நம்பரில் 2008-ல் வழங்கப்பட்டது. அதைக் குறித்து நுஜிவீடு விதைக் கம்பெனியுடன் எழுந்த வழக்கில் டில்லி ஹைக்கோர்ட்டு பெஞ்சு 2018-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 11-ந் தேதி பேடண்டு செல்லாதென்று தீர்ப்பளித்தது. சுப்ரீம் கோர்ட்டு 2019-ம் வருஷம் ஜனவரி மாதம் 8-ந் தேதி அத்தீர்ப்பை நீக்கி, வழக்கைத் தனி நீதிபதியின் விசாரணைக்கே திருப்பியனுப்பியது. அவ்வருஷ முடிவுக்குள்ளாகவே பேடண்டின் 20 வருஷ காலமும் தீர்ந்தது. வழக்கு நடந்து கொண்டிருக்கையிலேயே உரிமையின் ஆயுள் முடிந்தமை கவனிக்கத்தக்கது. பேடண்டின் ஆயுள் எவருக்காகவும் நின்று காத்திருப்பதில்லை.

இதைச் சொல்லுமிடத்து, குடியானவர்களுக்குச் சட்டத்தில் உள்ள ஒரு பாதுகாப்பையும் சொல்லியாக வேண்டும். பயிர் ரகங்கள் பாதுகாப்பும் குடியானவர் உரிமைகளும் பற்றிய 2001-ம் வருஷத்துச் சட்டத்தின் 39-வது பிரிவு, தம் விளைபொருளையும் அதன் விதையையும் சேமிக்கவும், விதைக்கவும், மறுபடி விதைக்கவும், பரிமாறிக் கொள்ளவும், விற்கவும் குடியானவருக்கு உரிமை தருகிறது. பாதுகாப்புப் பெற்ற ரகத்தின் விதையை முத்திரைப் பெயரிட்டுப் பொட்டலமாக விற்பதற்கு மாத்திரம் தடையுண்டு. இந்தியப் பேடண்டுச் சட்டம் 3-வது பிரிவின்படி செடிகளுக்கும், பயிர் செய்யும் முறைகளுக்கும், பரம்பரையாக அறியப்பட்டவற்றுக்கும் பேடண்டு தருவதில்லை. அமெரிக்காவிலோ சிலவகைச் செடிகளுக்கு 1930 முதலே தனிப் பேடண்டு தரப்படுகிறது. ஆகையால் இங்கே தர மறுக்கப்படும் ஒன்று அங்கே தரப்படலாம். அதுவே பின்வரும் இரண்டு சம்பவங்களுக்கும் இடமளித்தது.

மஞ்சளும் வேம்பும்

ஈரோட்டு மண்டிக்குச் செல்லும் மஞ்சளில் ஒரு பகுதி காங்கயம், தாராபுரம் பக்கத்து வயல்களில் விளைவது. வெட்டுக்காயத்துக்கு மஞ்சள்பொடி வைத்துக் கட்டுவது கொங்கு நாட்டில் எந்த வீட்டுப் பாட்டியும் அறிந்த வைத்தியம். அதே வைத்தியத்துக்கு 1995-ம் வருஷம் மார்ச்சு மாதம் 28-ந் தேதி அமெரிக்கா 5,401,504 என்ற நம்பரில் ஒரு பேடண்டு வழங்கியது. புண்ணை ஆற்ற மஞ்சள்பொடியை உட்கொள்ளவும் மேலே இடவும் கொடுப்பது என்பதே அதன் பொருள். உரிமை மிஸிஸிப்பி சர்வகலாசாலையின் வைத்தியக் கேந்திரத்துக்குச் சேர்ந்தது. மனுவில் கையெழுத்திட்ட இருவரும் இந்திய வமிசத்தவர் என்பது வேதனைக்குரிய ஒரு விசேஷம்.

இந்தச் செய்தி பரவியபோது, இனிமேல் ஈரோட்டுக்காரர் தம் காலில் மஞ்சள் இடவும் அமெரிக்காவுக்குப் பணம் கட்ட வேண்டும் என்று பலர் பேசினர். அது தவறு. அமெரிக்கப் பேடண்டு அமெரிக்காவுக்குள் மட்டுமே செல்லும் என்பது முன்னமே சொல்லப்பட்டது. ஆனால் அந்த உபயோகத்துக்கென்று மஞ்சளை அங்கே விற்கச் செல்லும் வியாபாரிக்கு அது குறுக்கே நிற்கக்கூடும். மஞ்சளை ஏற்றுமதி செய்யும் தேசத்துக்கு அது சிறிய இடையூறன்று.

டாக்டர் மஷேல்கர் தலைமையிலிருந்த இந்திய விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் கவுன்ஸில் 1996-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் மறுபரிசோதனைக்கு மனுச் செய்தது. அக்காலத்து அமெரிக்கச் சட்டத்தில் ஒரு சூட்சுமம் இருந்தது. ஒரு பொருள் அமெரிக்காவுக்கு வெளியே எத்தனை தலைமுறையாக வழக்கத்தில் இருந்தாலும், வெறும் வழக்கம் சாட்சியமாகாது. அச்சிட்டோ எழுதியோ வெளியான பிரசுரம் மாத்திரமே சாட்சியமாகும். ஆகவே லட்சம் பாட்டிமார் சத்தியம் செய்தாலும் அங்கே செல்லாது. கவுன்ஸில் 32 எழுத்து ஆதாரங்களைத் தேடி முன்வைத்தது. அவற்றுள் பழைய வைத்திய நூல்களும், இந்திய மெடிகல் அசோசியேஷன் சஞ்சிகையில் 1953-ல் வெளிவந்த ஒரு கட்டுரையும் இருந்தன. 1997-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் கோரிக்கைகள் நிராகரிக்கப்பட்டன. பின்னர் அமெரிக்கச் சட்டமே மாறியது. 2013-ம் வருஷம் மார்ச்சு மாதம் 16-ந் தேதி முதல் கொடுக்கப்படும் மனுக்களில், உலகின் எப்பகுதியிலும் இருந்த பகிரங்க வழக்கமும் சாட்சியமாகக் கொள்ளப்படுகிறது.

வேம்பின் வழக்கு வேறுவிதமானது. வேப்பெண்ணெயிலிருந்து பயிர்களின் பூஞ்சண நோயைத் தடுக்கும் முறைக்கு அமெரிக்க விவசாய இலாகாவும் டபிள்யூ. ஆர். கிரேஸ் கம்பெனியும் சேர்ந்து 1990-ல் மனுச் செய்து, ஐரோப்பிய பேடண்டு ஆபீஸில் 1994-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் உரிமை பெற்றன. ஐரோப்பாவில் உரிமை வழங்கப்பட்ட தேதியிலிருந்து ஒன்பது மாதத்துக்குள் யாவரும் ஆட்சேபணை கொடுக்கலாம். வந்தனா சிவாவும், ஐரோப்பியப் பார்லிமெண்டின் பசுமைக் கட்சிக் குழுவினரும், இயற்கை விவசாயச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பும் 1995-ல் அந்தக் கெடுவுக்குள்ளாகவே ஆட்சேபணையைச் சேர்த்தனர். ஐரோப்பியச் சட்டம் எங்கே நடந்த பகிரங்க உபயோகத்தையும் ஏற்கும். ஆகையால் இந்தியாவில் வேப்பெண்ணெய் மருந்து தயாரித்து, வயல்களில் தெளித்துக் காட்டிய தொழிற்சாலை மேலாளர் ஒருவர் மியூனிச் நகருக்கு நேரில் சென்று சாட்சியம் சொன்னார். 2000-ம் வருஷம் மே மாதம் 10-ந் தேதி பேடண்டு ரத்துச் செய்யப்பட்டது. அப்பீலும் 2005-ம் வருஷம் மார்ச்சு மாதம் 8-ந் தேதி தள்ளப்பட்டது.

மனுக் கொடுத்த நாள் முதல் கணக்கிட்டால் வேம்புக்காகப் பதினான்கு வருஷம் ஆயிற்று. வேப்பம் பிண்ணாக்கைக் காட்டுக்கு இட்டு, வேப்பெண்ணெய்க் கரைசலைப் பருத்திக்குத் தெளித்து வந்த குடியானவர்கள் தங்கள் பழக்கத்தைத் தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால், இதில் பாதி அலைச்சல் குறைந்திருக்கும்.

நம்மவர் வெளிநாட்டில் மனுச் செய்தல்

பிறர் செய்ததை ரத்துச் செய்வது ஒருபுறமிருக்க, நம்மவர் கண்டுபிடித்தவற்றுக்கு வெளிநாட்டில் உரிமை பெறுவது இன்னொரு காரியம். கொங்கு நாட்டில் கைத்திறனுக்குக் குறைவில்லை. பின்னல் யந்திரத்துக்குத் துணைக்கருவி செய்வோரும், சாயக் கழிவு நீரைச் சுத்திகரிக்க வழி தேடுவோரும், காங்கயம் வெள்ளக்கோயில் பகுதி உலர்களங்களில் தேங்காய்ப் பருப்பைச் சீக்கிரம் காயவைக்க உபாயம் செய்வோரும் இங்கே உளர். இவர்களில் பெரும்பாலோர் தம் கருவியை முதலில் செய்வது என்னவெனில், பத்துப் பேருக்குக் காட்டுவதும், கோயம்புத்தூர் பொருட்காட்சியில் வைப்பதுமாகும். உரிமை பறிபோவது அங்கேதான்.

ஐரோப்பாவில், மனுத் தேதிக்கு முந்திய நாளன்று பகிரங்கமானாலும் அது புதிதன்று என்று தள்ளிவிடுவார்கள்; கண்டுபிடித்தவரே காட்டினார் என்பது சமாதானமாகாது. அமெரிக்காவில் கண்டுபிடித்தவர் தாமே வெளியிட்டிருந்தால் ஒரு வருஷம் அவகாசம் உண்டு. இந்தியாவில் மத்திய சர்க்கார் கெஜட்டில் அறிவித்த பொருட்காட்சிக்கு மாத்திரம் சில நிபந்தனைகளுடன் பன்னிரண்டு மாத விலக்கு உண்டு. ஊரில் நடக்கும் எல்லாக் கண்காட்சிக்கும் அது பொருந்தாது. ஆகவே முதலில் மனு, பிறகே காட்சி என்பது வழக்கமாக வேண்டும். இரகசியம் காப்பதாக எழுதிக் கையொப்பமிட்ட கொல்லரிடமோ லேத்துப் பட்டறைக்காரரிடமோ வேலை கொடுப்பதில் தோஷமில்லை.

முதல் மனுவைச் சென்னை கிண்டியிலுள்ள பேடண்டு ஆபீஸில் கொடுக்கலாம். தனி மனிதர் கம்ப்யூட்டர் மூலம் கொடுப்பதானால் மனுக் கட்டணம் ரூ. 1,600. வேலை முற்றுப்பெறாத நிலையில் தாற்காலிக விவரணத்துடன் கொடுத்து, முழு விவரணத்தைப் பன்னிரண்டு மாதத்துக்குள் சேர்க்கலாம். இங்கே பலர் இடறுகின்றனர். வெளிநாட்டு மனுவுக்குரிய பன்னிரண்டு மாதமும் அந்தத் தாற்காலிக மனுவின் தேதியிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். முழு விவரணம் கொடுத்த தேதியிலிருந்தல்ல.

இந்தியாவில் வசிப்பவர் இங்கே மனுக் கொடுக்காமல் நேரே வெளிநாட்டில் கொடுப்பது குற்றமாகும். 1970-ம் வருஷத்துப் பேடண்டுச் சட்டத்தின் 39-வது பிரிவுப்படி, இந்தியாவில் மனுக் கொடுத்து ஆறு வாரம் கழிந்திருக்க வேண்டும். அல்லது 25-ம் நம்பர் பாரத்தில் முன் அனுமதி பெற்றிருக்க வேண்டும். மீறினால் இங்குள்ள மனு கைவிடப்பட்டதாகக் கருதப்படுவதுடன், இரண்டு வருஷம் வரை சிறைத் தண்டனையோ அபராதமோ இரண்டுமோ விதிக்க 118-வது பிரிவில் இடமுண்டு. தேச பாதுகாப்பை முன்னிட்டு ஏற்பட்ட விதியானாலும், தேங்காய் உலர்த்தும் கருவிக்கும் அது பொருந்தும். வெளிநாட்டுக் கூட்டாளி ‘எங்கள் ஊரிலேயே முதலில் கொடுத்துவிடலாம்’ என்று சொல்லும்போது இதை நினைவுகூர வேண்டும்.

அடுத்தது முன்னுரிமைத் தேதி. 1883-ம் வருஷத்துப் பாரிஸ் உடன்படிக்கையிலும், 1970-ம் வருஷத்துப் பேடண்டு ஒத்துழைப்பு உடன்படிக்கையிலும் இந்தியா 1998-ம் வருஷம் டிசம்பர் மாதம் 7-ந் தேதி முதல் அங்கமாயிருக்கிறது. பாரிஸ் உடன்படிக்கையின்படி இந்திய மனுவின் தேதியிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் வேறு தேசத்தில் மனுக் கொடுத்தால், அங்கும் இந்தியத் தேதியிலேயே கொடுத்ததாக மதிக்கப்படும். இடையில் வேறெவர் அதே பொருளுக்கு மனுக் கொடுத்தாலும் அவர் பிந்தியவரே ஆவார். ஒத்துழைப்பு உடன்படிக்கையின் வழியோ, அந்தப் பன்னிரண்டு மாதத்துக்குள் ஒரே சர்வதேச மனுவைக் கொடுத்து, தேசந்தோறும் செலவு செய்ய வேண்டிய கெடுவை முதல் தேதியிலிருந்து 30 மாதம் வரையிலும், ஐரோப்பா முதலிய சில இடங்களுக்கு 31 மாதம் வரையிலும் தள்ளி வைக்க உதவுகிறது. சர்வதேச மனு என்பது சர்வதேசப் பேடண்டு அன்று. வாய்தா வாங்கும் உபாயம் என்றே அதைக் கொள்ளலாம். அந்த வாய்தாவுக்குள் முன்னாதாரத் தேடுதல் அறிக்கை கைக்கு வந்துவிடும்; பொருள் விலை போகுமா என்பதும் தெரிந்துவிடும். இந்தியப் பேடண்டு ஆபீஸே 2013 முதல் இவ்விதத் தேடுதலைச் செய்து வருகிறது. இந்தியரான தனி மனிதருக்குச் சர்வதேச மனுக் கட்டணத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தள்ளுபடியும் உண்டு.

பின்னல் தொழிலாருக்கு ஒரு விசேஷ எச்சரிக்கை அவசியம். பின்னல் யந்திரங்கள் தயாராகும் தைவான் இந்த ஒத்துழைப்பு உடன்படிக்கையில் சேரவில்லை. அங்கே உரிமை வேண்டுவோர் முப்பது மாத வாய்தாவை நம்பியிருந்தால் ஏமாறுவர். பன்னிரண்டு மாதத்துக்குள் நேரே மனுக் கொடுத்தாக வேண்டும்.

எந்தெந்தத் தேசத்தில் கொடுப்பது என்பதற்கு இரண்டு கேள்விகள் போதும். அந்தப் பொருளை எங்கே போட்டிக்காரர் தயாரிக்கக்கூடும்? எங்கே அது விற்கும்? இவ்விரண்டிலும் சேராத தேசத்தில் பேடண்டு வாங்குவது, தண்ணீரில்லாத காட்டுக்கு வேலி போடுவது போன்றது. தேசந்தோறும் செலவு கூடும். சீனாவில் சீன மொழியிலும், ஜப்பானில் ஜப்பானிய மொழியிலும் விவரணம் தேவை. அவ்விரண்டு தேசங்களிலும் அங்கு வசிக்காத மனுதாரர் உள்ளூர் ஏஜெண்டை நியமித்தே தீரவேண்டும்; ஐரோப்பிய ஆபீஸிலும் மனுக் கொடுத்த பின்னுள்ள நடவடிக்கைகளுக்கு அவ்வாறே. மொழிபெயர்ப்புக் கூலியும் ஏஜெண்டின் கூலியும் சர்க்கார் கட்டணத்தைவிட மிகுதியாவது சகஜம். பரிசோதகரின் ஆட்சேபணைக்குக் கெடுவுக்குள் பதில் கொடுக்காவிட்டால் மனு தானே விழுந்துவிடும். வெளிநாட்டில் கொடுத்த மனுக்களின் விவரத்தை இந்திய ஆபீஸுக்கு 3-ம் நம்பர் பாரத்தில் தெரிவிக்கவும் வேண்டும். மறைத்தால் இந்தியப் பேடண்டே ரத்தாக ஏதுவாகும்.

பெற்றதைக் காத்தல்

கட்டணக் கெடு தேசத்துக்குத் தேசம் மாறும். இந்தியாவில் மூன்றாம் வருஷம் முதல் வருஷந்தோறும் உண்டு. அமெரிக்காவில் உரிமை வழங்கிய தேதியிலிருந்து மூன்றரை, ஏழரை, பதினொன்றரை வருஷங்களில் மூன்றே தவணை. 2025-ம் வருஷம் ஜனவரி மாதம் திருத்திய விகிதப்படி அவை முறையே 2,150, 4,040, 8,280 டாலர். சிறு ஸ்தாபனங்களுக்கு இதில் நூற்றுக்கு அறுபது பங்கும், வருமானம் குறைந்த தனி மனிதர் முதலிய மிகச் சிறியோருக்கு எண்பது பங்கும் தள்ளுபடி. ஐரோப்பாவில் மனு நிலுவையில் இருக்கும்போதே மூன்றாம் வருஷம் முதல் கட்டணம் செலுத்த வேண்டும். உரிமை வந்தபின் ஒவ்வொரு தேசத்துக்கும் தனித்தனியே செலுத்த வேண்டும். 2023-ம் வருஷம் ஜூன் மாதம் முதல் தேதி தொடங்கிய ஒருமைப் பேடண்டை உரிமை வழங்கப்பட்ட ஒரு மாதத்துக்குள் கேட்டுக்கொண்டால், அதில் சேர்ந்த தேசங்கள் அனைத்துக்கும் ஒரே கட்டணம் போதும். ஆனால் கட்டணம் ஒன்றாவது போலவே ஆபத்தும் ஒன்றாகிறது. அதன் கோர்ட்டில் ஒருமுறை ரத்தானால் அத்தனை தேசங்களிலும் ஒருங்கே ரத்தாகும்.

தவணை தவறினால் இந்தியா, அமெரிக்கா, ஐரோப்பா மூன்றிலும் கூடுதல் கட்டணத்துடன் ஆறு மாத அவகாசம் உண்டு. அதுவும் தவறினால் இந்தியாவில் உரிமை அற்றுப்போன தேதியிலிருந்து பதினெட்டு மாதத்துக்குள், வேண்டுமென்றே விடவில்லை என்று ருசுப்படுத்தி உயிர்ப்பிக்க மனுச் செய்யலாம். ஏஜெண்டு நினைவூட்டுவார் என்று இருப்பதைக் காட்டிலும், கிஸ்தி ரசீதுகளோடு இந்தத் தேதிகளையும் ஒரு புத்தகத்தில் குறித்து வைத்தல் உத்தமம். பிரயோஜனம் தராத பேடண்டுக்கு வருஷந்தோறும் பணம் கட்டுவதும் விவேகமன்று. எந்தத் தேசத்தில் சம்பாத்தியம் இல்லையோ அங்கே மனமறிந்து விட்டுவிடுவதே பெரிய கம்பெனிகளின் பழக்கமும் ஆகும்.

கிராம அதிகாரிகள் கவனத்துக்கு

செடி, கொடி, விதை, நுண்ணுயிர் முதலிய இந்திய உயிர்வளங்களை ஆதாரமாகக் கொண்ட கண்டுபிடிப்புக்குப் பேடண்டு கேட்போருக்கு, சென்னையிலுள்ள தேசிய பல்லுயிர் வாரியத்தின் தொடர்பு அவசியம். 2002-ம் வருஷத்துச் சட்டப்படி, உள்நாடோ வெளிநாடோ, எங்கு மனுவானாலும் இது பொருந்தும். 2023-ல் செய்த திருத்தத்தின்பின், இந்தியர் உரிமை வழங்கப்படுவதற்கு முன்னரே அவ்வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். வெளிநாட்டார் முன் அனுமதி பெறவேண்டும்.

அதே சட்டத்தின் 41-வது பிரிவுப்படி ஒவ்வொரு பஞ்சாயத்திலும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்கப்பட்டு, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்று எழுதப்பட வேண்டும். ஊரின் பயிர் ரகங்கள், மூலிகைகள், கால்நடை இனங்கள், அவற்றைக் குறித்த பழக்கங்கள் ஆகியவை அதில் ஏறவேண்டும். மத்திய சர்க்கார் 2001-ல் தொடங்கிய பரம்பரை அறிவுக் களஞ்சியத்தில் சித்த வைத்தியத்தின் தமிழ் நூல்களும் சேர்க்கப்பட்டு, அவற்றின் சாரம் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பான் மொழிகளில் பெயர்க்கப்பட்டுள்ளது; 2009 முதல் ஐரோப்பிய ஆபீஸின் பரிசோதகர்கள் அதைப் பார்வையிட்டு வருகின்றனர். ஆனால் நூலில் ஏறியதே அந்தக் களஞ்சியத்தில் ஏறும். காங்கயம் மாட்டுக்குக் கழலை கண்டால் எந்தத் தழையை அரைத்துப் போடுவது, சோளத்தைக் குதிரில் புழு அண்டாமல் எவ்விதம் வைப்பது என்பவை நூலில் இல்லாமல் வயதானவர்களின் நினைவில் மாத்திரம் இருக்கக்கூடியவை.

பதிவேட்டில் எழுதும்போது ‘மூலிகைகள் பல உண்டு’ என்று பொதுப்பட எழுதுவதால் பிரயோஜனமில்லை. இன்ன செடி, ஊரில் வழங்கும் பெயர், உபயோகிக்கும் பாகம், அளவு, பக்குவம், எந்த நோய்க்கு, யார் சொன்னது, எழுதிய தேதி என்ற விவரங்கள் வேண்டும். மஞ்சள் வழக்கில் வென்றதும் இவ்வகை விவரமே. அதே சமயம், ஊரார் இதுவரை வெளியிடாத வைத்தியர் இரகசியம் எதையும் அவர் சம்மதமின்றிப் பகிரங்கப் பக்கத்தில் ஏற்றிவிடலாகாது. ஏற்றிய நாள் முதல் அது எல்லோருக்கும் வெளியாகி, அவரே பின்னர் உரிமை கேட்க இடமில்லாமற் போகும். அத்தகையவற்றை இரகசியமாக வைக்கத் தனிப் பகுதி ஒதுக்கி, குழுவின் பொறுப்பில் வைத்துக்கொள்ளலாம்.